திரும்பக் கூப்பிடும் தரகரைத் தேடி: ஒரு வீட்டு விற்பனையின் நிகழ்வு ஆய்வு

முதல் தரகரிடம் எங்கள் வீடு ஆறு மாதம் இருந்தது. அந்த ஆறு மாதத்தில் வாங்குகிறேன் என்று ஒருவர்கூட ஒரு விலை சொல்லவில்லை. இரண்டாவது தரகரிடம் கொடுத்த ஒன்பதாவது வாரத்தில் அட்வான்ஸ் வாங்கினோம். வீடு அதேதான், தெருவும் அதேதான், வீடு தேடி அலைகிறவர்களும் ஏறக்குறைய அதே ஆட்கள்தான். இடையில் என்ன மாறியது என்பதை, கைபேசியில் இன்னும் அழிக்காமல் வைத்திருக்கும் செய்திகளையும் இரண்டு ஒப்பந்தத் தாள்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வீடு விற்கப் போகிற யாராவது இதைப் படித்துவிட்டு அந்த ஆறு மாதத்தை மிச்சம் பிடித்தால் எனக்கு அது போதும்.

வீடு எங்கள் பெற்றோருடையது. அவர்களுக்குப் பிறகு எனக்கும் தம்பிக்கும் சேர்ந்து வந்தது. நாங்கள் இருவரும் வேறு வேறு ஊர்களில் இருக்கிறோம், வீட்டுக்குப் போய்வர ஒரு நாள் முழுக்கப் போய்விடும். வாடகைக்கு விட்டுப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை, பூட்டி வைத்தால் சுவர் ஈரம் ஏறுகிறது, ஆகவே விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், தூரத்தில் இருக்கும் உரிமையாளருக்குத் தரகர்தான் கண், காது, சாவிக்கொத்து எல்லாம். அவர் பேசாமல் இருந்தால் உங்கள் வீட்டில் என்ன நடக்கிறது என்றே உங்களுக்குத் தெரியாது.

முதல் ஐந்து மாதம்

முதல் தரகரைச் சொந்தக்காரர் ஒருவர் சொல்லித்தான் பிடித்தோம். நன்றாகப் பேசினார். அந்த முதல் வாரத்தில் நான் கூப்பிட்டால் இரண்டாவது மணி அடிப்பதற்குள் எடுத்துவிடுவார், செய்தி அனுப்பினால் உடனே பதில் வரும். வேறு ஒருவர் சொன்ன விலையைவிடப் பத்து சதவீதம் கூடுதலாக விலை போகும் என்றும் சொன்னார். அந்தக் கூடுதல் விலையும் அந்த வேகமும்தான் எங்களைக் கவிழ்த்தன. ஆறு மாதத்துக்கு அவர் மட்டுமே விற்பார், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டோம் என்று கையெழுத்துப் போட்டோம். ஒப்பந்தத்தில் நாங்கள் செய்யக் கூடாதவை ஒரு பக்கத்துக்கு இருந்தன, அவர் செய்ய வேண்டியது என்று இருந்தது ஒரே வரி: "விற்பனைக்கு உரிய முயற்சி எடுப்பார்." அந்த ஒரு வரியை அன்றைக்கு நான் நின்று படித்திருக்க வேண்டும்.

கையெழுத்து போட்ட மூன்றாவது வாரத்திலிருந்து குரல் மாறியது. என் கைபேசியில் அந்த உரையாடலை இப்போது திறந்து பார்த்தாலும் ஒரே மாதிரிதான் தெரிகிறது. வலப்பக்கம் முழுக்க என் பச்சைக் கட்டங்கள்: "யாராவது பார்த்தார்களா?", "போன வாரம் வருவதாகச் சொன்ன பார்ட்டி என்ன ஆனார்கள்?", "விளம்பரத்தில் இன்னும் பழைய படம்தான் இருக்கிறது, மாற்றிவிட்டீர்களா?" எல்லாவற்றிலும் நீல டிக். இடப்பக்கம் எட்டு நாள், பத்து நாளுக்கு ஒரு முறை ஒரு சின்ன வெள்ளைக் கட்டம்: "பார்ட்டி பாத்துட்டுப் போயிருக்காங்க மேடம், யோசிச்சுச் சொல்றேன்னாங்க." எந்தப் பார்ட்டி, எப்போது பார்த்தார்கள், என்ன சொன்னார்கள், எதுவும் இருக்காது. மறுபடி கேட்டால் "மார்க்கெட் டல்லா இருக்கு மேடம்." மூன்றாவது மாதம் முடியும்போது விலையைக் குறைக்கலாமா என்று அவரே கேட்டார். பத்து சதவீதம் கூடுதலாகப் போகும் என்று சொன்னவரும் அவர்தான். அதிக விலை சொல்லி வீட்டைத் தன் கையில் வாங்குவது, அப்புறம் மெல்ல இறக்கச் சொல்வது இந்தத் தொழிலில் பழைய வழக்கம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

நான்காவது மாதம் தம்பி வேறு வேலையாக அந்த ஊர்ப் பக்கம் போனவன், வீட்டையும் ஒரு எட்டு பார்த்துவிட்டு வந்தான். வாசற்படியில் சருகு மண்டிக் கிடந்தது. கேட்டுக்கு உள்பக்கம் விளம்பரத் துண்டுகளும் கடிதங்களும் மழையில் நனைந்து காய்ந்து ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு கட்டியாகவே ஆகியிருந்தன. கதவைத் திறந்தால் அந்தக் கட்டியைத் தள்ளிக்கொண்டுதான் திறக்க வேண்டும். தள்ளிய தடம் தரையில் இல்லை. "அக்கா, இந்தக் கேட்டை ரெண்டு மாசமா யாரும் திறக்கல," என்றான். அதற்கு ஒன்பது நாள் முன்னால்தான் பார்ட்டி பார்த்துவிட்டுப் போனதாக எனக்குச் செய்தி வந்திருந்தது.

எனக்கு அன்றைக்குக் கோபத்தைவிட அவமானம்தான் அதிகமாக இருந்தது. அப்பா அந்த வாசலைத் தினமும் கழுவிவிடுவார்.

வாங்குபவராகக் கூப்பிட்டுப் பார்த்தோம்

இந்தக் கதையில் எல்லாவற்றையும் திருப்பியது தம்பியின் ஒரு யோசனை. அவனுடைய நண்பர் ஒருவரை விளம்பரத்தில் இருந்த எண்ணுக்கு, வீடு வாங்க விரும்புபவராகக் கூப்பிடச் சொன்னான். முதல் நாள் இரண்டு முறை கூப்பிட்டார், எடுக்கவில்லை. "இந்த வீட்டைப் பார்க்க வேண்டும், இந்த வாரம் முடியுமா?" என்று செய்தி அனுப்பினார். மூன்றாம் நாள் ஒரு பையன் திரும்பக் கூப்பிட்டான். அந்த வீட்டின் சாவி யாரிடம் இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு, அதே மூச்சில், இரண்டு தெரு தள்ளிப் புதிதாகக் கட்டிய வீடு ஒன்று இருக்கிறது, அதைப் பார்க்கிறீர்களா என்று கேட்டான். எங்கள் வீட்டைப் பற்றி அதன் பிறகு அழைப்பே வரவில்லை. புது வீட்டைப் பற்றி மட்டும் இரண்டு முறை வந்தது.

எங்கள் வீட்டு விளம்பரம் யாருடைய வீட்டையோ விற்கத் தூண்டிலாக ஓடிக்கொண்டிருந்தது. ஐந்து மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்வியே தவறு என்பது அப்போதுதான் உறைத்தது. "தரகர் எனக்குப் பதில் சொல்கிறாரா?" என்பதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டை விற்பது அந்தப் பதில் இல்லை. வீட்டைக் கேட்டு ஒருவர் கூப்பிடும்போது அவருக்கு என்ன பதில் போகிறது, எத்தனை மணி நேரத்தில் போகிறது என்பதுதான் விற்கிறது. எனக்குப் பதில் வராமல் இருந்தது அதன் நிழல் மட்டுமே.

இந்த நேர விஷயத்தைப் பற்றித் தேடிப் படித்தபோது 2011-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் வந்த ஓர் ஆய்வு கிடைத்தது. அது வீட்டுத் தரகை மட்டும் பற்றியது இல்லை. 2,241 அமெரிக்க நிறுவனங்களுக்கு இணையம் வழியாக விசாரணை அனுப்பி எத்தனை நேரத்தில் பதில் வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். 37 சதவீதம் ஒரு மணி நேரத்துக்குள் பதில் சொல்லியிருக்கின்றன, 23 சதவீதம் பதிலே சொல்லவில்லை. அதே கட்டுரை சொல்லும் வேறோர் ஆய்வில், விசாரித்தவரை ஒரு மணி நேரத்துக்குள் தொடர்புகொண்ட நிறுவனங்களுக்கு, அதற்கு மேல் ஒரு மணி நேரம் தள்ளிப் போட்டவற்றைவிட ஏறக்குறைய ஏழு மடங்கு அதிகமாக, முடிவெடுக்கக்கூடிய ஆளுடன் உருப்படியாகப் பேச முடிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு மேல் கடத்தியவற்றோடு ஒப்பிட்டால் 60 மடங்குக்கும் மேல். வீடு தேடுகிறவரை நினைத்துப் பாருங்கள்: ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து ஐந்தாறு வீடுகளுக்கு வரிசையாகச் செய்தி அனுப்புவார், முதலில் பதில் வந்த இரண்டு மூன்று வீடுகளைப் போய்ப் பார்ப்பார், மற்றவை புதன்கிழமைக்குள் மறந்தே போகும். மூன்றாம் நாள் கூப்பிடும் தரகர், ஏற்கெனவே வேறு வீட்டின் சமையலறையில் நின்று அளவு பார்த்துக்கொண்டிருப்பவரைத்தான் கூப்பிடுகிறார்.

விளம்பரக் கணக்கின் விவரங்களைக் கேட்டு வாங்க இன்னொரு பத்து நாள் ஆனது. முதல் இரண்டு மாதத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட விசாரணைகள் வந்திருந்தன. அப்புறம் மெல்ல வற்றி, நான்காவது மாதம் இரண்டோ மூன்றோ. வீட்டை நேரில் பார்த்தவர்கள் மொத்தமே நான்கு பேர். இதைப் பார்த்ததும் நோய் எங்கே என்று தெரிந்துவிட்டது. விளம்பரத்தைப் பார்த்தும் யாரும் விசாரிக்கவே இல்லை என்றால் விலையையோ படங்களையோ சந்தேகிக்கலாம். நேரில் வந்து பார்த்துவிட்டு ஒருவரும் விலை பேசவில்லை என்றால் வீட்டின் நிலையையோ விலையையோ சந்தேகிக்கலாம். விசாரணை நிறைய வந்து, நேரில் வந்தவர்கள் மிகக் குறைவு என்றால் நடுவில் இருக்கும் ஆள்தான் காரணம். தரகரிடம் இந்த மூன்று எண்ணிக்கையையும் வாரா வாரம் கேளுங்கள்: எத்தனை விசாரணை, எத்தனை பேர் நேரில் வந்தார்கள், எத்தனை பேர் விலை சொன்னார்கள். கேட்ட பிறகும் தராதவரிடம் அந்தக் கணக்கே இல்லை என்று எடுத்துக்கொள்ளலாம்.

இதில் இன்னொரு வருத்தம் உண்டு. புதிதாக விளம்பரத்துக்கு வரும் வீட்டைத்தான் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள், ஏற்கெனவே தேடிக்கொண்டிருப்பவர்கள் அத்தனை பேரும் முதல் சில வாரங்களில் அதைப் பார்த்துவிடுவார்கள். அந்த வாரங்களைத் தூங்கிக் கழித்துவிட்டால், பிறகு வருபவர்கள் "இத்தனை மாதமாக விற்கவில்லை என்றால் ஏதாவது வில்லங்கம் இருக்குமோ" என்று நினைக்கத் தொடங்குவார்கள். நாங்கள் இழந்தது ஐந்து மாதத்தை மட்டும் இல்லை, வீட்டின் நல்ல பெயரையும்.

வெளியே வந்த வழி

ஆறாவது மாதம் முடியட்டும் என்று காத்திருந்தோம். நடுவில் முறித்தால் விளம்பரச் செலவைக் கட்ட வேண்டும் என்று ஒரு பிரிவு இருந்தது. அந்த ஒரு மாதம் என்னால் எதுவும் செய்ய முடியாது என்று நினைத்தேன், ஆனால் அந்த மாதத்தில்தான் மிக முக்கியமான வேலையைச் செய்தேன். ஒப்பந்தத்தை முழுக்கப் படித்தேன்.

கடைசிப் பக்கத்தில், ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதத்துக்குள், தரகர் "அறிமுகம் செய்த" யாராவது வீட்டை வாங்கினால் அவருக்குக் கமிஷன் உண்டு என்று இருந்தது. இப்படி ஒரு பிரிவு இருப்பதில் நியாயம் இருக்கிறது. தரகர் கொண்டுவந்த ஆளிடம், ஒப்பந்தம் முடியும்வரை காத்திருந்து, கமிஷன் கொடுக்காமல் நேரடியாக விற்கும் உரிமையாளர்களும் இருக்கிறார்கள். ஆனால் "அறிமுகம்" என்றால் என்ன? ஒரு முறை விசாரித்தவரும் அறிமுகமா? கவனிக்காமல் விட்டால் இரண்டு தரகர்களுக்கும் கமிஷன் கொடுக்க வேண்டி வரும். அதனால் அவரிடம் பெயர்ப் பட்டியல் கேட்டேன். முதலில் பதிலே இல்லை. எழுத்தில், தேதி போட்டு, ஏழு நாள் அவகாசம் கொடுத்துக் கேட்டதும் பதினான்கு பெயர்கள் வந்தன. அதில் பத்து பேர் வீட்டை நேரில் பார்க்காதவர்கள். வீட்டுக்குள் வந்து பார்த்தவர்களை மட்டுமே ஏற்றுக்கொள்வேன் என்று சொல்லி, இரண்டு மூன்று முறை பேசி, நான்கு பெயர் மட்டும் கொண்ட ஒரு தாளில் இருவரும் கையெழுத்துப் போட்டோம். அந்தத் தாளை ஒரு படம் எடுத்தும் வைத்துக்கொண்டேன்.

அந்தத் தரகர் கெட்டவர் என்று நான் நினைக்கவில்லை. அவரிடம் நாற்பதுக்கும் மேற்பட்ட வீடுகள் இருந்தன, பேச ஆள் அவரும் அந்தப் பையனும் மட்டும். எது சீக்கிரம் போகுமோ அதன் பின்னால் ஓடினார்கள்.

மூன்று பேர், மூன்று அழைப்புகள்

அடுத்த தரகரைத் தேடும்போது அவர்களிடம் உரிமையாளராகப் பேசவே இல்லை. உரிமையாளர் கூப்பிட்டால் எல்லாத் தரகரும் எடுப்பார்கள், அது புது வியாபாரம். அவர்கள் விற்றுக்கொண்டிருக்கும் வீடு ஒன்றைப் பார்த்து, வாங்குபவர் கேட்பது போலச் சில கேள்விகள் கேட்டேன். யாரையும் வீட்டைக் காட்ட அலையவிடவில்லை, அது சரியில்லை. வேலை நாளில் மதியம் ஒரு அழைப்பு, சனிக்கிழமை மாலை ஒன்று, இடையில் ஒரு செய்தி. அவ்வளவுதான் சோதனை.

முதலாமவர் இரண்டு முறையும் உடனே எடுத்தார். ஆனால் கேட்ட எதற்கும் அவரிடம் பதில் இல்லை. வீடு எந்தத் திசை பார்த்தது, கூரை எப்போது பழுது பார்த்தது, உரிமையாளர் எப்போது காலி செய்வார், எல்லாவற்றுக்கும் "கேட்டுச் சொல்றேன்." ஒன்றையும் திரும்பச் சொல்லவில்லை. எடுப்பது வேறு, பதில் சொல்வது வேறு என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இரண்டாவது ஒரு பெரிய அலுவலகம். பணிவான குரல், என் எண்ணைக் குறித்துக்கொண்டார்கள், அடுத்த இரண்டு நாளில் மூன்று வெவ்வேறு ஆட்கள் கூப்பிட்டு, மூன்று பேரும் முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். நான் என்ன கேட்டேன் என்பது ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றாமவர் ஒரு பெண், தனியாகத் தொழில் செய்பவர், ஒரே ஒரு உதவியாளர். மதிய அழைப்பை எடுக்கவில்லை. பன்னிரண்டு நிமிடத்தில் செய்தி வந்தது: "ஒரு வீட்டைக் காட்டிக்கொண்டிருக்கிறேன். ஐந்தரைக்குக் கூப்பிடலாமா?" ஐந்தரை தாண்டி இரண்டு நிமிடத்தில் கூப்பிட்டார். நான் கேட்டது அந்த வீட்டுத் தண்ணீர் வசதியைப் பற்றி. இரண்டு விஷயம் தெரியும் என்று சொன்னார், மூன்றாவது தெரியாது, உரிமையாளரைக் கேட்டு நாளை காலைக்குள் சொல்கிறேன் என்றார். காலை ஒன்பதே காலுக்குச் செய்தி வந்தது. அதில் நல்ல பதிலோடு, அந்த வீட்டில் இருக்கும் ஒரு குறையும் இருந்தது.

அவரிடம் உண்மையைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்கினேன். நான் வாங்குபவர் இல்லை, விற்பவர், இப்படிச் சோதித்ததற்கு மன்னிக்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "பரவால்ல மேடம், என் போட்டியாளர்களும் இதைத்தான் செய்றாங்க," என்றார்.

நேர்காணலில் நான் கேட்டவற்றில் ஒரு கேள்வியை மட்டும் எல்லோருக்கும் சிபாரிசு செய்வேன். விற்றுக்கொடுத்தவர்களின் எண்ணை எல்லாத் தரகரும் தருவார்கள், அவர்கள் சந்தோஷமாகத்தான் இருப்பார்கள். உங்களிடம் கொடுத்து விற்காமல் போன வீட்டின் உரிமையாளர் ஒருவருடைய எண்ணை, அவரிடம் கேட்டுவிட்டு, எனக்குத் தர முடியுமா என்று கேட்டேன். இரண்டு நாள் எடுத்துக்கொண்டார், தந்தார். அந்த உரிமையாளர் சொன்னது அப்படியே நினைவிருக்கிறது: "வீடு போகலைங்க, நாங்க விலையை இறக்க மாட்டேன்னுட்டோம். ஆனா அந்த அம்மா சொல்லாம எதுவும் நடக்கல." அதைக் கேட்ட பிறகு எனக்கு வேறு எந்தச் சான்றும் தேவைப்படவில்லை. வேலை செய்ய உரிமம் அல்லது பதிவு தேவைப்படும் இடமாக இருந்தால் அதையும் சரிபாருங்கள், அது ஐந்து நிமிட வேலை. ஆனால் பதிவு இருப்பதாலேயே ஒருவர் திரும்பக் கூப்பிட மாட்டார்.

தாளில் எழுதியவை

இந்த முறை மூன்று மாதத்துக்கு மட்டும் தனி உரிமை கொடுத்தோம். எந்தத் தரப்பும் பதினைந்து நாள் முன்னறிவிப்பு கொடுத்து விலகலாம். விசாரணைக்கு வேலை நேரத்தில் ஒரு மணி நேரத்துக்குள் பதில், மாலையில் வந்தால் மறுநாள் காலை பத்துக்குள். யாராவது வீட்டைப் பார்த்தால், அவர்கள் சொன்னதை அன்றிரவே, நல்லதோ கெட்டதோ, அவர்கள் வார்த்தையிலேயே எங்களுக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வியாழக்கிழமை மாலையும் ஒரு செய்தி, ஒன்றுமே நடக்காத வாரத்திலும். இந்தக் கடைசி நிபந்தனைதான் எனக்கு மிக முக்கியம். ஒன்றும் நடக்கவில்லை என்று சொல்வதற்குத்தான் தரகர்கள் கூச்சப்படுகிறார்கள், அந்தக் கூச்சத்தில்தான் மௌனம் தொடங்குகிறது. நாள் முன்கூட்டியே குறித்திருந்தால் அதைச் சொல்வது ஒரு வழக்கமான வேலையாகிவிடுகிறது.

அவரும் எங்களிடம் நிபந்தனை வைத்தார், நியாயமாகவே வைத்தார். யாராவது விலை சொன்னால் மறுநாள் மதியத்துக்குள் நாங்கள் பதில் சொல்ல வேண்டும். அக்காவும் தம்பியும் தனித்தனியாக அவரிடம் பேசக் கூடாது, ஒருவர்தான் பேச வேண்டும். பத்திரம், வரி ரசீது, வரைபடம் எல்லாம் முதல் வாரமே அவர் கையில் நகலாக இருக்க வேண்டும். "உங்க பக்கத்துல ரெண்டு நாள் போனா, பார்ட்டிக்கு நான்தான் பதில் சொல்லாத ஆள்," என்றார். நான் இதை யோசித்ததே இல்லை. முதல் தரகர் இரண்டாம் மாதம் கேட்ட வரைபட நகலை நாங்கள் மூன்று வாரம் கழித்துத்தான் அனுப்பினோம் என்பதையும் இங்கே எழுதிவிடுகிறேன்.

ஒன்பது வாரம்

முதல் வாரம் விளம்பரம் போடவே இல்லை. வாசல் சுத்தமானது, பழைய விளம்பரம் முழுக்க எடுக்கப்பட்டது, பகல் வெளிச்சத்தில் புதுப் படங்கள் எடுக்கப்பட்டன. முதல் தரகரின் படங்களில் ஒன்றில் கழிவறை மூடி திறந்தபடி இருக்கும், மற்றொன்றில் கண்ணாடியில் படம் எடுப்பவரின் சட்டை தெரியும். விலையை, பழைய விலையிலிருந்து ஆறு சதவீதம் குறைத்து வைத்தோம். அக்கம்பக்கத்தில் சமீபத்தில் உண்மையாகவே கைமாறிய வீடுகளின் விவரத்தைக் காட்டித்தான் அவர் குறைக்கச் சொன்னார்.

மூன்றாவது வியாழக்கிழமைச் செய்தியை எடுத்துப் பார்க்கிறேன். "இந்த வாரம் விசாரணை 9. நேரில் 4. விலை சொன்னவர் இல்லை. நான்கில் மூன்று பேர் பின்பக்க அறை இருட்டு என்றார்கள். ஜன்னலுக்கு முன்னால் இருக்கும் மரக்கிளை காரணம். வெட்ட ஆள் சொல்லவா?" வெட்டினோம். மரம் இருந்தது, கிளை மட்டும் போனது. அடுத்த வாரத்திலிருந்து அந்தப் புகார் வரவில்லை. முதல் தரகரிடம் வந்து பார்த்த நான்கு பேரும் இதையேதான் சொல்லியிருப்பார்கள், எங்கள் காதுக்கு வரவே இல்லை.

ஏழாவது வாரம் ஒருவர் விலை சொன்னார், நாங்கள் கேட்டதில் ஐந்து சதவீதம் குறைவாக. எனக்கு அவசரம், அதற்கே கொடுத்துவிடலாம் என்றேன். "ஞாயிற்றுக்கிழமை பார்த்த குடும்பம் நாளைக்கு ரெண்டாவது தடவ வர்றாங்க மேடம். ஒரு நாள் பொறுங்க," என்றார். இதை நான் ஏன் குறிப்பிடுகிறேன் என்றால், கமிஷன் கணக்கு தரகரை எதிர்ப்பக்கம் இழுக்கும். விலை 100, கமிஷன் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 95-க்கு விற்றால் அவருக்கு 1.9, 100-க்கு விற்றால் 2. உங்களுக்கு ஐந்து வித்தியாசம், அவருக்கு 0.1. அந்த 0.1-க்காக இன்னும் இரண்டு வாரம் அலைவதைவிட இன்றே முடிப்பது அவருக்கு லாபம். ஸ்டீவன் லெவிட், சாட் சைவர்சன் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் சிகாகோ பகுதியில் ஏறக்குறைய ஒரு லட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008-இல் வெளியிட்ட கட்டுரையில் இது எண்ணாகவே தெரிகிறது. தரகர்கள் தங்கள் சொந்த வீட்டை விற்கும்போது அது சுமார் ஒன்பதரை நாள் கூடுதலாகச் சந்தையில் நின்று, 3.7 சதவீதம் அதிக விலைக்குப் போயிருக்கிறது. தன் வீடென்றால் பொறுத்திருக்கிறார்கள், நம் வீடென்றால் முடிக்கச் சொல்கிறார்கள். ஆகவே வேகமாகப் பதில் சொல்லும் தரகர், வேகமாக முடிக்கச் சொல்லும் தரகராகவும் இருக்கலாம், இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. "பொறுங்கள்" என்று சொன்ன நொடியில்தான் அவர் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

அந்தக் குடும்பம் மறுபடி வந்தது, மூன்றாவது முறையும் வந்தது, ஒன்பதாவது வாரம் நாங்கள் கேட்டதில் ஒன்றரை சதவீதம் குறைவாக முடிந்தது.

அவரிடமும் ஒரு சறுக்கல் உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அட்வான்ஸ் வாங்கிய பிறகு வாங்குபவரின் வங்கிக் கடன் தள்ளிப்போனது. அது அவருக்குத் திங்கட்கிழமையே தெரியும், எனக்கு வியாழக்கிழமைதான் சொன்னார். கேட்டதற்கு, புதுத் தேதி கிடைத்ததும் நல்ல செய்தியாகச் சொல்லலாம் என்று காத்திருந்தேன் என்றார். மன்னிப்பும் கேட்டார். அட்வான்ஸ் வரைக்கும் சுறுசுறுப்பாக இருந்துவிட்டு, அதற்கு அப்புறம் பத்திரப் பதிவு வரைக்கும் தரகரின் கவனம் தளர்வது சகஜம், ஏனென்றால் அவர் மனத்தில் வியாபாரம் முடிந்துவிட்டது. இன்னொரு முறை எழுதினால், தாளில் "கெட்ட செய்தி அன்றைக்கே" என்று தனியாக ஒரு வரி சேர்ப்பேன்.

இத்தனைக்கும் தரகரை மாற்றியது மட்டும்தான் காரணமா? விலையும் இறங்கியது, படங்களும் மாறின, கிளையும் வெட்டப்பட்டது. ஒரே ஒரு வீட்டை வைத்துக்கொண்டு எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஆனால் அந்த மாற்றங்கள் அத்தனையும், வந்து பார்த்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது எங்களுக்கு வந்து சேர்ந்ததால் நடந்தவை.

பத்திரப் பதிவு அன்று அந்தக் குடும்பத்தோடு உட்கார்ந்திருந்தபோது வாங்கிய அம்மா சாதாரணமாக ஒன்று சொன்னார். இந்த வீட்டை அவர்கள் முதலில் பார்த்தது பழைய விளம்பரத்தில், ஏழெட்டு மாதத்துக்கு முன்னால். இரண்டு முறை செய்தி அனுப்பினார்களாம். "யாருமே கூப்பிடலங்க, வித்துப்போச்சுன்னு நினைச்சு விட்டுட்டோம்." எங்கள் முதல் விலைக்கே பேசத் தயாராக இருந்திருப்பார்களா என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.

அதற்கு அடுத்த வாரம் முதல் தரகரிடமிருந்து அழைப்பு வந்தது, பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கூப்பிட்டது. வாங்கியவரின் விசாரணை தன் பதிவில் இருக்கிறது, ஆறு மாதம் இன்னும் முடியவில்லை, தனக்குக் கமிஷன் சேர வேண்டும் என்றார். நான்கு பெயர் கொண்ட அந்தத் தாளின் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.